எட்டாம் நம்பர் தோட்டா

என் மாமியாரிடம் துப்பாக்கி இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது டீச்சர்கள் ஆளுக்கொரு மாமியார் கதை எடுப்பார்கள். ஒருத்தியின் மாமியாருக்கு நாக்கு நீளம், இன்னொருத்தியின் மாமியாருக்குக் காது நீளம். என் முறை வந்தால், “எங்க அத்தைகிட்ட லைசென்ஸ் வாங்கின துப்பாக்கியே இருந்துச்சு” என்பேன். அதோடு பேச்சு அடங்கிவிடும்.

உண்மையைச் சொன்னால், அந்தத் துப்பாக்கிக்குப் பயந்தவர் எங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான். அது அத்தையேதான்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு. வேர்க்கடலை பால் பிடிக்கிற சமயம் பார்த்து அங்கிருந்து காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு இறங்கிவிடும். விதைத்தவனுக்குக் கொடி, பன்றிக்குக் கடலை. அதனால் நிலம் வைத்திருந்த சில வீடுகளில் பயிரைக் காப்பாற்ற என்று சொல்லித் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். என் மாமனார் வைத்திருந்தது இரட்டைக் குழல். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

என்னைப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு வந்தார்கள். எல்லாரும் கேட்கிறதை எல்லாரும் கேட்டு முடித்தார்கள். சமையல் தெரியுமா, படிப்பு என்ன, வேலையை விடுவாளா. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“பொண்ணுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணும்?”

என் அம்மா பதறிப்போய், “எங்க பொண்ணுக்குக் கோவமே வராதுங்க” என்றாள்.

“வராத மன்சாளும் உண்டா? நீ சொல்லும்மே.”

எனக்கு வாயில் வந்தது உண்மைதான். “தூங்கிடுவேன்” என்றேன்.

“எழுந்தப்புறம்?”

“பசிக்கும்.”

அத்தை குபீரென்று சிரித்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, “பூ வெச்சிடுங்க” என்றார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகிப் போன பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் கோபப்படுவதற்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார், இரண்டாவது ஆள் தாங்காது.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை நான் கட்டிக்கொண்ட பாவத்துக்காகச் சொல்லவில்லை. வேலைக்கு வந்தவர் பசியோடு நிற்கிறார் என்றால் தன் சோற்றுத் தூக்கை அப்படியே நீட்டிவிடுவார். ஆனால் கோபம் வந்துவிட்டால் கண் மண் தெரியாது. மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கோபம் எப்போது இறங்கிக் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. இறங்கி முடித்த பிறகு அவரே போய்த் தொழுவத்தில் உட்கார்ந்து அழுவார். அப்பனின் கோபம் அப்படியே பிள்ளைக்கு வந்திருந்தது. அத்தையின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. மாமனார் எறிந்த பித்தளைச் செம்பு.

அத்தையைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தச் செம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். எறிந்தவரை அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டிலிருந்த பித்தளை எல்லாவற்றையும் மூட்டை கட்டினாராம். அடுத்த சந்தையில் போட்டுவிட்டு அலுமினியமாக வாங்கி வந்தாராம். நான் சீராகக் கொண்டுபோன பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் பார்த்ததும், “இதெல்லாம் கனம், மேல போட்டு வெய்யி” என்று பரணில் ஏற்றிவிட்டார். பிறந்த வீட்டுச் சாமானை மதிக்கவில்லையே என்று நான் அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கினேன். பிறகு ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று என் வீட்டுக்காரர் டம்ளரை வீசினார். சுவரில் பட்டு, என் தோளில் பட்டு, டொய்ங் என்று தரையில் ஓடியது. வலிக்கவே இல்லை. அத்தை அதை எடுத்து, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் நிமிர்த்திவிட்டு, “பாத்தியா?” என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

எதை வாங்கினாலும் அப்படித்தான். அது நன்றாக வேலை செய்யுமா என்று கேட்கவே மாட்டார். முகவாயை லேசாகத் தூக்கி, “அது சரி, தப்பிப்போனா?” என்பார். மாடு வாங்கப் போனால் மற்றவர்கள் மடியைப் பார்ப்பார்கள். இவர் கொம்பைப் பார்ப்பார். “மிரண்டா எந்தப் பக்கம் ஓடும்?” என்று விற்கிறவரைக் கேட்பார். அவர் மாட்டைக் கேட்டா சொல்ல முடியும்? கடைசியில் கொம்பு மழுங்கி, பாலும் குறைந்து, எதற்கும் மிரளாத ஒரு கிழட்டுப் பசுவை ஓட்டி வருவார். ஊரே சிரிக்கும். சிரித்தவர்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அந்தப் பசுவின் மேல்தான் ஏறி விளையாடும். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய கோபம் எவ்வளவு என்று அத்தைக்குத் தெரிந்துவிடும். சத்தம் சரியில்லை என்றால், பேசிக்கொண்டே கொடுவாளை எடுத்து வைக்கோலுக்குள் செருகிவிட்டு வருவார்.

இப்படிப்பட்டவர் கையில் துப்பாக்கி வந்தது எப்படி என்றால், மாமனார் போனதும் அதை யார் பேருக்கு மாற்றுவது என்ற கேள்வி வந்தது. என் வீட்டுக்காரர் தன் பேருக்குத்தான் என்று குதித்தார். நியாயம்தான், பன்றியோடு போராடுகிறவர் அவர். ஆனால் அத்தை ஒரு நாளும் இல்லாத பிடிவாதம் பிடித்தார்.

“எழுதறதுன்னா என் பேர்ல எழுது. இல்லாங்காட்டி ஸ்டேசன்ல ஒப்படைச்சுடு.”

“நீ சுடுவியாம்மா?”

“நீ எனக்குப் பொறந்தப்போ புள்ள பெத்துக்கத் தெரிஞ்சா பெத்தேன்? கத்துக்கறேன்.”

விசாரிக்க வந்த அதிகாரி எலும்பும் தோலுமாக நின்ற அத்தையைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி பெரிதா இந்த அம்மா பெரிதா என்று சந்தேகப்பட்டதாகக் கேள்வி. எப்படியோ, நான் அங்கே வாழ வந்த பிறகு லைசென்ஸ் வந்தது. வந்த உடனே அத்தை செய்த முதல் காரியம், மாமனாரின் இரட்டைக் குழலைக் கொடுத்து வேறு மாற்றிக்கொள்ள என்னை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியதுதான். மகனுக்கு அன்று களையெடுப்பு. வேண்டுமென்றே அந்த நாளைப் பார்த்திருந்தார் என்று எனக்குப் பிறகு தோன்றியது.

மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எங்கள் துப்பாக்கியை நடுவில் ஒடித்துத் திறந்து, குழலுக்குள் பார்த்தார்.

“அருமையான துப்பாக்கிம்மா இது. ஏன் மாத்தறீங்க? ஒண்ணு தப்பினா இன்னொண்ணு தயாரா இருக்கும்.”

“அதாங்க வாணாம். ஒத்தைக் கொயா இருந்தா, ஒண்ணு சுட்டப்புறம் ஒடிச்சி, பயசெ எடுத்துட்டு, புதுசெ போடணும் இல்ல? அதுக்கு நேரம் ஆவும்ல?”

“ஆகும். அதுக்குள்ள பன்னி ஓடிடும்.”

“ஓடட்டுங்க. அந்த நேரந்தான் வோணும்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அத்தை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே லேசான ஒற்றைக் குழலைக் கையில் எடுத்தார்.

“லேசா இருந்தா உதைக்கும்மா. கனமான துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கும். இது உங்க தோளுக்குத்தான் தரும்.”

“தரட்டும். சுடறவங்களுக்கும் கொஞ்சம் நோவணும் இல்லீங்களா?”

அதற்கப்புறம் தோட்டா. பெரியவர் கண்ணாடி மேஜை மேல் வரிசையாக நிறுத்தினார். முதலில் எல்.ஜி. உள்ளே கொத்துக்கடலை போல ஆறு குண்டு இருக்குமாம், பன்றிக்கு இதுதானாம்.

“அது சரி, தப்பிப்போய் ஆளு மேல பட்டா?”

“ஆள் அங்கேயே விழுந்துடுவான்.”

“ஊஹூம்.”

அடுத்தது, அதற்கடுத்தது. நாலாம் நம்பருக்கு வந்தார். மிளகை விடச் சின்னக் குண்டு, நிறைய இருக்கும். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் பெரியவர் சலிப்போடு எட்டாம் நம்பரை எடுத்து வைத்தார்.

“இது காடை, கௌதாரி அடிக்கிறது. கேழ்வரகு கணக்கா இருக்கும். பன்னி மேல பட்டா முதுகு சொறிஞ்சு விட்ட மாதிரி நின்னு காட்டும்மா.”

“ஆளு மேல?”

“கிட்டக்கன்னா பேஜார்தான். தள்ளி நின்னா தோலோட நின்னுடும். ஏம்மா, வந்ததுலேருந்து ஆளு ஆளுன்றீங்க, யாரைச் சுடப்போறீங்க?”

அத்தை அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்து உருட்டினார். “சத்தம்?” என்றார்.

“சத்தம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

“அதையே குடுங்க.”

அங்கே அந்தக் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பன்றிக்குத் தோட்டா வாங்க வந்தவர் அவர் இல்லை. பெற்ற பிள்ளை என்றைக்காவது ஒரு நாள் அந்தத் துப்பாக்கியைத் தூக்கத்தான் போகிறான் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு எதிரே நிற்கப்போகிறவனுக்காகத் தோட்டா பொறுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். “செம்பை மாத்தினீங்க, மாட்டை மாத்தினீங்க, இப்ப தோட்டாவை மாத்தறீங்க. பெத்த புள்ளையை ஒரு நாளாவது உக்கார வெச்சி, மாறுடான்னு சொன்னீங்களா அத்தே?”

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு தாண்டித்தான் பதில் வந்தது. “சொல்லாமியா இருந்தேன்? அவங்க அப்பாருக்கும் சொன்னேன். மாறும்போது மாறட்டும்மே. அது வரிக்கும் யாருக்கும் அடி படாம இருக்கணும்ல.” கொஞ்சம் விட்டு, “வூட்ல எதுவும் சொல்லாதே. நம்பர் மட்டும் சொன்னா போதும்” என்றார்.

நம்பரைச் சொன்னோம். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “எட்டா! மத்தவனுங்க எல்லாம் நாலாம் நம்பர்தானே வெச்சினுகீறானுங்க!” பம்புசெட்டில் குதிரைசக்தி ஏறினால் தண்ணீர் அதிகம். தோட்டாவில் மட்டும் நம்பர் ஏற ஏறக் குண்டு சிறுத்துப்போகும் என்று யார் கண்டது? அன்று சாயங்காலமே டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க, அந்த வீட்டில் எட்டாம் நம்பர் இருக்கிறது என்று பேச்சு. நாலாம் நம்பர் வைத்திருந்தவர்கள்கூட ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். பார்த்தால் சிரித்துவிடுவோம்.

பொழுது சாயும் நேரத்தில் அத்தை கடலைக்கொல்லை ஓரத்தில் போய் நின்று வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார். உதையில் இரண்டடி பின்னால் வருவார். பன்றிகளும் இரண்டு நாள் வராது. மூன்றாம் நாள் வரும், அத்தையும் போவார். எந்தப் பன்றியும் விழாததற்கு ஊர் சொன்ன காரணம், தோட்டா நல்ல தோட்டா, கிழவிக்குத்தான் குறி இல்லை என்பது. அவர் தோள் நீலம் பாரித்துக் கிடக்கும். நான் உப்பு ஒத்தடம் கொடுப்பேன். “நோவுதா அத்தே?” என்றால், “நல்லா நோவுது” என்று ஒரு திருப்தியோடு சொல்வார்.

அத்தைக்குப் பிடித்த காலம் தேர்தல் காலம். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். மற்றவர்கள் கடைசி நாள் வரை இழுப்பார்கள். அத்தையோ செய்தி ரேடியோவில் வந்த மறுநாளே துப்பாக்கியைப் பழைய புடவையில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் போய்விடுவார். அது டில்லியில் அரசாங்கம் அடிக்கடி கவிழ்ந்த காலம். ஊரில் கட்சிக்காரர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும், “கவுந்துச்சா? நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

தேர்தல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்து, ஏரித் தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை முடிவதற்குள் ஏழுமலை மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டான். ஏழுமலை என் மாமனாரின் தம்பி மகன், பக்கத்துக் கொல்லைக்காரன், சின்ன வயசில் அத்தை கையால் சோறு தின்று வளர்ந்தவன். வாய்க்கால் மேலேயே இரண்டு பேருக்கும் வார்த்தை முற்றியது. அவன் என்னவோ செத்துப்போன மாமனாரை இழுத்துப் பேசிவிட்டான். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஓடி வந்தார். செருப்புக்கூட இல்லை. அத்தை தென்னேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இவர் கடப்பாரையால், அத்தை பூட்டி வைத்திருந்த பீரோவை நெம்பித் துப்பாக்கியை எடுத்தார். தோட்டாவை அத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். இவர் நேராக அங்கே போய்க் கையை விட்டார். அம்மா ஒளித்து வைக்கிற இடம் பிள்ளைக்குத் தெரியாதா? நான் காலைக் கட்டிக்கொண்டேன். உதறிவிட்டுப் போய்விட்டார்.

சத்தம் கேட்டபோது நான் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழுந்தன. வேப்பமரத்தடியில் துப்பாக்கி கிடந்தது, அவரைக் காணவில்லை. அந்தப் பக்கம் வரப்பில் ஏழுமலை சேற்றில் விழுந்து கத்திக்கொண்டிருந்தான். வேட்டியெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். அதே நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய அத்தை, தாம்பூலப் பையோடு ஓடி வந்தார்.

“கத்தறான் இல்ல? கத்தறான்னா உசுரு கீது” என்றார். பிறகு என்னிடம், “எங்கேருந்து சுட்டான்?”

வேப்பமரத்தைக் காட்டினேன். மரத்தையும் வரப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “தள்ளிதான்” என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ டெம்போ கொண்டு வந்து ஏழுமலையை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரர் பம்புசெட் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து அழுகை. நான் அலறினேன். “அத்தே, பூச்சிமருந்து உள்ள இருக்குதே!”

“அதெ நான் எப்பவோ எடுத்துட்டேன்” என்றார் அத்தை. கதவைத் தட்டினார். “கதவெத் தொற நைனா. அவன் சாவல.”

“பொய் சொல்லாதம்மா! எட்டாம் நம்பரும்மா! எட்டாம் நம்பரெப் போட்டு என் தம்பியெக் கொன்னுட்டேன்!”

அத்தை என்னைப் பார்த்தார். “ஒரு தோட்டாவும் கத்தியும் எடுத்தாம்மே.”

கொண்டுவந்து கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, தோட்டாவின் முனையைச் சுற்றி வெட்டினார். எழுந்து ஜன்னல் கம்பியிடம் போனார். “கையெ நீட்டு.” கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வந்தது. அதில் கொட்டினார். பொலபொலவென்று கறுப்பாக விழுந்தது.

“இன்னாம்மா இது?”

“நீ சுட்டது.”

“கேவுரு மாதிரி கீது.”

“அது காடை அடிக்கிற தோட்டா.”

உள்ளே அழுகை நின்றுபோயிற்று. பிறகு தாழ்ப்பாள் விலகியது. அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டே வெளியே வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் திட்ட வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

அத்தை அவரை வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஏழுமலையின் தொடையிலிருந்து ஒவ்வொரு குண்டாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். “உக்காந்து பாரு” என்று மகனை ஸ்டூலில் உட்கார வைத்தார் அத்தை. ஒவ்வொரு டிங்குக்கும் என் வீட்டுக்காரரின் தோள் குலுங்கியது. ஏழுமலைக்கு வலியிலும் வாய் அடங்கவில்லை.

“எட்டாம் நம்பரு எட்டாம் நம்பருன்னு இவன் டீக்கடையில சொல்லிக்கினு திரிஞ்சதுல, பட்டதும் செத்துட்டேன்னே படுத்துட்டேன் பெரிம்மா.”

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, “பன்னி வெரட்டிக்கினு இருந்தாங்க சார், நான்தான் கண்ணு தெரியாம குறுக்க பூந்துட்டேன்” என்றான். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அவன் காலைத் தொட்டார். ஏழுமலை காலை இழுத்துக்கொள்ள முடியாமல் முனகினான். “உனக்காவ சொல்லலடா. நானும் மம்பட்டியெ ஓங்கிக்கினுதான் நின்னேன். பெரிம்மாவுக்காவ சொன்னேன்.”

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் டாக்டர் அவன் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார். அங்கேயும் ஒரு குண்டு. “இது மட்டும் ஒரு விரல் கீழ பட்டிருந்தா, கண்ணு போயிருக்கும்” என்றார் சாதாரணமாக.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். வெளியே வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை எல்லாம் சேறு. அத்தை தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

“கண்ணெ நான் கேக்கலியேம்மே. கடைக்காரரெ எல்லாம் கேட்டேன், கண்ணெப் பத்திக் கேக்கவே இல்லியே.”

“ஒண்ணும் ஆகல அத்தே.”

“ஆவல. நான் கேக்கலியே.”

அன்றெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்க்க அவர் அழுதது அந்த ஒரு முறைதான்.

ஏழுமலை வீட்டுக்கு வந்த மறுநாள் மூன்று பேருமாக உத்திரமேரூர் ஸ்டேஷனுக்குப் போனோம். துப்பாக்கியை என் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம் என்று அத்தை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த அதிகாரிக்கு ஆச்சரியம்.

“எல்லாரும் லைசென்ஸுக்கு அலையறாங்க, நீங்க திருப்பித் தர்றீங்க. ஏம்மா, பன்னிக்குப் பத்தலையா?”

“எங்களுக்கு அதிகங்க” என்றார் அத்தை.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தையும் மகனும் ஒரு சீட்டில், நான் பின்னால். பம்புசெட் அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அவர் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

“என்னெ நெனச்சிதான் அந்தத் தோட்டாவெ வாங்கனியாம்மா?”

இதற்கு என்ன சொன்னாலும் காயம்தான். அத்தை யோசிக்கக்கூட இல்லை.

“நீ பொறந்ததுலேருந்து வேற யாரெ நெனச்சிடா நான் எதெ வாங்கிகீறேன்?”

முன்னால் இருந்த அந்த முதுகு குலுங்கத் தொடங்கியது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அத்தை அவரிடம் எங்கள் ஊருக்கு மூன்று டிக்கெட் கேட்டுவிட்டு, மகன் முதுகில் வைத்த கையை ஊர் வரும் வரை எடுக்கவில்லை.